தோளுக்குக் கீழே ஒரு விரல்

ஜூன் 12

அக்கா,

உன் கடிதம் வந்தது. நாலு பக்கம். அதில் அப்பாவின் கையைப் பற்றி இரண்டே வரி. மிச்சமெல்லாம் மருந்துக் கடைக்காரர், படுக்கை விரிப்பு, மூன்று மாடிப் படி. எனக்கு வேண்டியது கை. அடுத்த முறை கையிலிருந்து ஆரம்பி.

ஃபோன் வேண்டாம், எழுது என்று நீ சொன்னது சரிதான். ஃபோன் அவர் தலைமாட்டிலேயே இருக்கிறது. வாதம் அடித்ததில் வலது பக்கமும் பேச்சும்தான் போயின, காது போகவில்லை. தவிர, பயிற்சியை வாயால் சொன்னால் நீ உன் இஷ்டத்துக்குச் செய்வாய். படம் போட்டு அனுப்பினால் தப்ப முடியாது.

மருத்துவமனை பிஸியோ பத்து நாளோடு வருவதை நிறுத்திவிட்டார். அப்பாவைப் படியிறக்கி அங்கே கொண்டுபோகவும் முடியாது. அதனால் இனி நான் சொல்வதுதான். பிஸியோ படிப்பில் இரண்டாம் வருஷப் பையனுக்கு என்ன தெரியும் என்று இழுக்காதே. தோள் பயிற்சிகள் முடித்தாயிற்று. எண்பத்தொன்று மதிப்பெண்.

பின்பக்கம் படம் இருக்கிறது. கதவு நிலைக்கு மேலே ஒரு கொக்கி, அதில் ஒரு கப்பி, அதன் வழியாக ஒரு கயிறு, இரண்டு முனையிலும் பிடி. அப்பா கீழே நாற்காலியில். இடது கை ஒரு முனையை இழுக்க, வலது கை தானாக மேலே போகும். வலது கையைத் துணியால் பிடியோடு கட்டிவிடு, அதற்குப் பிடிக்கத் தெரியாது. காதை ஒட்டி வரும்வரை இழுக்க வேண்டும். காலையில் இருபது, மாலையில் இருபது. எங்கள் கல்லூரியில் தோள் இறுகிப்போனவர்களை வரிசையாக உட்காரவைத்து நானே தினம் இதைத்தான் செய்யவைக்கிறேன்.

அழுவார். அதை நம்பாதே. மூளையில் அடி விழுந்தவர்களுக்கு அழுகை காரணமில்லாமலும் வரும், புத்தகத்தில் இருக்கிறது. இரக்கப்பட்டு நிறுத்தினால் தோள் கல்லாகிவிடும். அப்புறம் என்னைத் திட்டாதே.

தம்பி


ஜூன் 27

அரை டாக்டருக்கு,

கையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீ போன பிறகு கட்டைவிரல் அசைகிறது! முதலில் நான் நம்பவில்லை. கரண்டியை உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரலை மடக்கி ஒரு நொடி பிடித்தார், அப்புறம் விழுந்துவிட்டது. ஒரு நொடி என்றாலும் பிடித்தது பிடித்ததுதானே. தைக்க வந்திருந்த பள்ளிச் சீருடைகளை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு அன்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கப்பி வாங்கி மாட்டியாயிற்று. ஆனால் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. நாலைந்து இழுப்பு இழுத்ததும் இடது கையால் கப்பியைக் காட்டிக் காட்டித் தலையாட்டுகிறார். முப்பது வருஷம் ஊரெல்லாம் லிஃப்ட் மாட்டியவர் அல்லவா, நான் அடித்த கொக்கி கோணலாகத்தான் தெரியும். லிஃப்ட்காரர் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை என்று அம்மா சொல்லிச் சிரிப்பாளே, இப்போது லிஃப்ட்காரர் வீட்டில் ஒரு கப்பிகூட நேராக இல்லை. மூன்று தடவை கழற்றி மாட்டிவிட்டேன். இன்னும் திருப்தி வரவில்லை அவருக்கு.

ஒன்று சொல்ல வேண்டும். கயிற்றை எடுத்தாலே முகத்தைச் சுளிக்கிறவர், "தம்பி எழுதியிருக்கான்ப்பா, இதைச் செய்யணுமாம்" என்று சொன்னால் போதும். இடது கையால் வலது கையைத் தூக்கி, பார்சலைக் கொடுப்பதுபோல என் மடியில் வைத்துவிடுகிறார். நான் கட்டிவிடுகிறேன். நான் சொல்லி இந்த வீட்டில் யார் எதைக் கேட்டார்கள்? உனக்கு இருக்கிறது மவுசு.

அக்கா


ஜூலை 8

அக்கா,

கட்டைவிரல் நல்ல செய்தி. கரண்டி வேண்டாம், மெல்லிய பிடி அவருக்கு இப்போது வராது. சுருட்டிய துண்டைக் கொடு.

கொக்கியை மறுபடி கழற்றாதே. இப்படியே போனால் சுவர்தான் போகும். அவர் மாட்டாத எதுவும் அவருக்குக் கோணல்தான். என் சைக்கிள் சங்கிலியைக்கூட அவர் ஒப்புக்கொண்டதில்லை. கண்டுகொள்ளாமல் செய்யவை. இருபதை முப்பதாக்கு.

தம்பி


செப்டம்பர் 3

தம்பி,

பத்து நாளாக வலது கை வீங்கியிருக்கிறது. மணிக்கட்டிலிருந்து விரல்வரை, தோல் மினுமினுவென்று, காற்றடைத்த கையுறை மாதிரி. தொட்டால் சுடுகிறது. தொடவும் விடுவதில்லை. சட்டை மாட்டும்போது ஊமைச் சத்தமாக ஒன்று எழுப்புகிறார். கீழ்வீட்டில் இருப்பவர்கள் மேலே வந்து என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கட்டைவிரலை இப்போது அசைப்பதே இல்லை. சோம்பலா, என் மேல் கோபமா, தெரியவில்லை. பாதி இழுப்பில் இடது கையை விட்டுவிடுகிறார். அதனால் அவர் பக்கத்துக் கயிற்றையும் நானே பிடித்து இழுக்கிறேன். ஒரு வாரம் கப்பியை விட்டுவிடட்டுமா? நீ சொன்னால் விடுகிறேன். நீ சொல்லாமல் விட்டால் தோள் கல்லாகிவிடுமோ என்று பயம்.

அக்கா


செப்டம்பர் 12

அக்கா,

தேர்வு நடக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன். விடாதே. கை தொங்கியே கிடப்பதால் நீர் இறங்கியிருக்கிறது. மேலே தூக்கினால் வடியும். அதற்கும் கப்பிதான் வழி. படுக்கும்போது கைக்குக் கீழே தலையணை வை. நீ இழுப்பது சரிதான், இழு.

தம்பி


ஜனவரி 20

அக்கா,

பதில் போடவில்லை என்று மூன்று கடிதத்தில் திட்டியிருக்கிறாய். மூன்றாம் வருஷம், வேலை அதிகம்.

ஒரு காரியம் செய். அப்பாவை நிமிர்ந்து உட்காரவை. வலது தோளின் உச்சியில் எலும்பு முடியும் இடம் தெரியும். அதற்குச் சற்றுக் கீழே உன் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து மெதுவாக அழுத்திப் பார். பள்ளம் இருக்கிறதா? இடது தோளிலும் அதே இடத்தில் பார். இரண்டையும் எழுது.

கப்பியை இன்றோடு நிறுத்திவிடு. அந்தக் கட்டம் முடிந்தது.

தம்பி


ஜனவரி 31

தம்பி,

கட்டம் முடிந்தது என்று நீ எழுதியதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "பாஸாயிட்டீங்கப்பா" என்று கைதட்டினேன். கப்பியைக் கழற்றும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றி முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டார் பார், வீட்டுக்கே கேட்டிருக்கும். அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

நீ சொன்னபடி விரல் வைத்துப் பார்த்தேன். வலது தோளில் என் விரல் முழுசாக உள்ளே அமுங்குகிறது. இடது தோளில் பள்ளமே இல்லை. இது தேறியதற்கு அடையாளமா? அடுத்த கட்டம் என்ன? கை மெலிந்துவிட்டது, விரல்கள் மடங்க மறுக்கின்றன. சீக்கிரம் எழுது.

அக்கா


பிப்ரவரி 16

அக்கா,

உட்கார்ந்து படி. அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே.

எந்தக் கட்டமும் முடியவில்லை. கப்பியே தப்பு.

தோள் என்பது ஆழமில்லாத கிண்ணத்தில் நிற்கிற பந்து. பந்தை அங்கே பிடித்துவைத்திருப்பது சுற்றியுள்ள தசை. அப்பாவுக்கு அந்தத் தசை செயலற்றுவிட்டது, அதனால் பந்து இறங்கி நிற்கிறது. உன் விரல் நுழைந்த இடம் அதுதான். அப்படி இறங்கிய பந்தைக் கயிறு கட்டி மேலே இழுத்தால், உச்சி எலும்பில் போய் இடிக்கும். நடுவில் இருக்கிற சதையும் நாரும் நசுங்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் நசுங்கும். வீக்கமும் சூடும் அதனால் வந்தவை. நான் கல்லூரியில் கப்பியில் உட்காரவைத்தவர்களுக்குத் தசை வேலை செய்தது, மூட்டுத்தான் இறுகியிருந்தது. அது வேறு தோள். எனக்கு அந்த வித்தியாசம் அப்போது தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

அவர் கப்பியைக் காட்டித் தலையாட்டியது கொக்கிக்காக இல்லை.

அழுததும் மூளையால் இல்லை. வலித்திருக்கிறது.

கப்பி இல்லாவிட்டாலும் அந்தக் கை வந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது. அது எனக்குச் சாதகமான வாக்கியம் என்பதால் அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இதோடு நிறுத்தலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. எங்கள் நரம்பியல் பேராசிரியை, வாதம் வந்த தோளுக்குச் செய்யவே கூடாதவை என்று பலகையில் ஒரு பட்டியல் போட்டார். முதல் வரியே கப்பி. "வீட்டுல மாட்டிக் கொடுக்கிற மகராசன் இன்னும் இருக்கான். யாராவது பார்த்தா எங்கிட்ட கூட்டிட்டு வாங்க" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அது நவம்பர் பதினேழாம் தேதி.

நான் உனக்கு நிறுத்தச் சொல்லி எழுதியது ஜனவரி இருபது.

முதலில் நம்பவில்லை, நூலகத்தில் ஆறு புத்தகம் எடுத்துப் பார்த்தேன். அதற்கு ஒரு வாரம். அப்புறம் தேர்வு என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் தேர்வும் முடிந்துவிட்டது. நிறுத்து என்று எழுதினால் ஏன் என்று கேட்பாய். அதற்காகத்தான். ஒன்பது வாரம்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

ஆறு வாரமாக உனக்கு எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதியிருப்பேனோ தெரியாது.

உன் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, தேதிகூட இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. இழுத்தது யார்? நீ எண்பத்தொன்று மதிப்பெண்ணோடு அங்கே உட்கார்ந்திருந்தாய். கயிறு என் கையில் இருந்தது. அவர் முகத்துக்கு நேரே நின்று, "இன்னும் அஞ்சுதான்ப்பா, இன்னும் நாலுதான்ப்பா" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிச் சொல்லி இழுத்தவள் நான். அவர் அழும்போது, இது நிஜ அழுகை இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். என் தம்பி படித்தவன், அவன் சொல்கிறான் என்று. ஒரு தடவை எரிச்சலில், "சும்மா நடிக்காதீங்க" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அதை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

தெரியாமல் செய்ததை விட்டுவிடுகிறேன். தெரியாமல் நானும்தான் செய்தேன். அந்த ஒன்பது வாரம் எனக்கு விளங்கவில்லை. "நிறுத்து" என்று ஒரு வார்த்தை. ஏன் என்று கேட்டால் பொய் சொல்லியிருக்கலாமே. ஜனவரியில் சொன்ன பொய்யை நவம்பரில் சொல்லியிருக்கலாமே.

மூன்று மாடி ஏறிவர ஓர் அம்மாவைப் பிடித்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பிஸியோ. அவருக்கே முழங்கால் வலி, படிக்குப் படி நின்று எங்கள் கட்டிடத்தைச் சபித்துக்கொண்டே வருகிறார். கப்பி மாட்டிய ஆணித் துளையைப் பார்த்ததும், "இதை யாரு சொன்னா?" என்று கேட்டார். நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்கும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நீ எதிர்பார்க்காதே. அவரிடம் நீயே வந்து சொல்ல வேண்டும். அதுவரை இந்த வீட்டுக்குக் கை, கால், பயிற்சி என்று எதுவும் எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

இப்போது வர முடியாது. வார்டில் முறை வேலை போட்டிருக்கிறார்கள், ஒரு நாள் விட்டாலும் வருகைப் பதிவு குறையும். படிப்பையே விட்டுவிடலாமா என்றும் இருக்கிறது. கையை வைத்தால் நோயாளி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீ பக்குவமாகச் சொல்லிவிடேன். நான் சொன்னால் தேதி, காரணம் என்று அடுக்குவேன். உனக்குப் பேசத் தெரியும்.

தம்பி


ஏப்ரல் 19

படிப்பை விடுவேன் என்று மிரட்டாதே, எனக்கு ஏற்கெனவே வேலை அதிகம். பக்குவமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வந்து சொல்.


மே 30

அக்கா,

நேற்று ரயிலேற்றிவிடும்போது நீ ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னேனா, இல்லையா என்று உனக்குத் தெரியாது. நூல் வாங்கப் போகிறேன் என்று ஒரு மணி நேரம் வெளியே போனாயே, எதற்கென்று எனக்குப் புரியாமல் இல்லை. நீ திரும்பி வந்தபோது நான் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, இவன் சொல்லவில்லை என்று நினைத்திருப்பாய்.

சொன்னேன்.

நீ கதவைச் சாத்தியதுமே சொன்னேன், தள்ளிப்போட்டால் முடியாது என்று. வாய்மொழித் தேர்வில் ஒப்பிப்பதுபோலத்தான் வந்தது. கப்பி தப்பு. நான்தான் எழுதினேன். அக்கா நான் சொன்னதைத்தான் செய்தாள். நவம்பரில் தெரிந்துகொண்டேன், ஜனவரியில்தான் நிறுத்தச் சொன்னேன். "ஒன்பது வாரம்ப்பா" என்றேன். அவர் கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. அழுவார் என்று தயாராகப் போயிருந்தேன்.

முடித்ததும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது தெரிந்த வேலையைத்தானே செய்வோம், தோளைப் பார்க்கலாமென்று கையை நீட்டினேன். அவர் இடது கையால் வலது கையை எடுத்தார். என்னிடம் தரத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். நீ எழுதியிருந்தாயே, அந்த ஞாபகம். எடுத்து, போர்வைக்குள் வைத்து, மேலே இடது கையை வைத்து மூடிக்கொண்டார்.

"பார்க்க மட்டும்தான்ப்பா, இழுக்கமாட்டேன்" என்றேன்.

தலையாட்டினார். கப்பிக்கு எப்படி ஆட்டினார் என்று நான் பார்த்ததில்லை. இப்படித்தான் இருந்திருக்கும். இவ்வளவு தெளிவான தலையாட்டலை நாம் எப்படிக் கொக்கிக் கோணல் என்று எடுத்துக்கொண்டோம்?

அப்புறம்தான் நகம். இடது கையை மட்டும் கொடுத்தார்.

அவருக்குப் புரிந்ததா, மனசு ஆறுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீதான் கூட இருக்கிறாய். பார்த்து எழுது. உள்ளதை எழுது.

தம்பி


ஜூலை 5

தம்பி,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும், அப்பா உன்னை மன்னித்துவிட்டார் என்று இருந்தது. பொய் என்பதால் கையெழுத்தே நன்றாக வரவில்லை.

அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. பிஸியோ அம்மா வந்தால் சட்டையைத் தோளிலிருந்து தளர்த்திக்கொண்டு காத்திருக்கிறார். அந்த அம்மா ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டு தோளைப் பிடித்துவிட, கண்ணை மூடிக்கொள்கிறார். வலி பாதி குறைந்துவிட்டது. நான் தொட்டாலும் விடுகிறார். ஆனால் போன வாரம் அந்த அம்மாவிடம், "என் தம்பியும் இந்தப் படிப்புதான், அடுத்த வருஷம் முடிச்சிடுவான், அப்புறம் அவனே பார்த்துப்பான்" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், கை போர்வைக்குள் போய்விட்டது. அன்று அந்த அம்மாவுக்கும் கிடைக்கவில்லை. மூன்று மாடி ஏறி வந்ததற்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

கட்டைவிரல் வரவில்லை. இனி வராதாம். நானே கேட்டேன், பிஸியோ அம்மா சுற்றிவளைக்காமல் சொன்னார்.

உன் மேல் வெறுப்பு இல்லை அவருக்கு. உன் போட்டோவைத் துடைக்கும்போது சற்று நகர்த்தி வைத்துவிட்டால், நேராக வை என்று கையைக் காட்டுகிறார். மகன் வேண்டும், அந்தக் கையை மட்டும் உன்னிடம் தரமாட்டார். எனக்கும் முதலில் இது விளங்கவில்லை. இப்போது நியாயமாகத்தான் படுகிறது. அவரிடம் மிச்சம் இருப்பதில் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது இது ஒன்றுதானே. அதை நாம் ஏழு மாதம் கேட்கவில்லை.

படித்து முடி. ஊரில் எத்தனையோ தோள் இருக்கிறது. இங்கே வரும்போது மட்டும் பிஸியோவாக வராதே.

அக்கா


ஜூலை 16

அக்கா,

உள்ளதை எழுதிவிட்டாய். நாலைந்து நாள் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

இங்கே வாதம் வந்தவர்கள் பிரிவில் போட்டிருக்கிறார்கள். பேச முடியாத ஒருவர் என் பொறுப்பில். தினம் கட்டிலருகே போய், கையைத் தொடுவதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவர் கண்ணால் சரி என்கிறவரை நிற்கிறேன். சில நாள் வேண்டாம் என்கிறார், திரும்பிவிடுகிறேன். "இப்படி நின்னுக்கிட்டிருந்தா ஒரு நாளைக்கு நாலு நோயாளியைக்கூடப் பார்க்க மாட்டே" என்று பேராசிரியை எல்லோர் முன்னாலும் கத்தினார். மதிப்பெண்ணும் குறைத்திருக்கிறார். குறைக்கட்டும்.

அடுத்த மாதம் முதல் வாரம் ஐந்து நாள் விடுமுறை. வருகிறேன். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, திடீரென்று வந்து நின்றால் பதறுவார். கையைப் பார்க்க வரவில்லை என்றும் சொல். அவர் நம்பாவிட்டால் விட்டுவிடு, வற்புறுத்தாதே.

வாதம் வந்தவருக்கு எப்போதும் செயலிழந்த பக்கமாக உட்கார்ந்து பேச வேண்டும், அப்போதுதான் அந்தப் பக்கம் விழிக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். நான் இடது பக்கமாக உட்கார்ந்துகொள்கிறேன். நாற்காலியை அங்கே போட்டு வை.

தம்பி